தலைவர் வீட்டுக் கிடாரி

தோக்சோன் வட்டாரத்தில் மாடு வளர்க்கிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. சங்கம் என்றால் தலைவர் வேண்டும். தலைவர் என்றால் வீ சாங்னாம்தான். தேர்தலுக்குத் தேர்தல் அவரை எதிர்த்து யாரும் நின்றதில்லை. மாட்டுக்குத் தவிடு வைக்கிற நேரத்தில் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவர் அதற்கு 'ஏகமனதாக' என்று பெயர் வைத்திருந்தார்.

வீட்டுக்குள் டிவிக்கு மேலே இரண்டு கேடயங்கள் இருக்கும். ஒன்று, அரசாங்கம் மாட்டைப் பெருக்கச் சொன்ன காலத்தில் பெருக்கிக் காட்டியதற்கு. இன்னொன்று, பெருகிப் போயிற்று, குறையுங்கள் என்று சொன்ன காலத்தில் குறைத்துக் காட்டியதற்கு. அதற்கும் பிறகு ஒருமுறை பெருக்கச் சொன்னார்கள், அவரும் பெருக்கினார். அந்தத் தடவை கேடயத்துக்குப் பதிலாக ஆளுக்கொரு குளியல் துண்டு கொடுத்து அனுப்பிவிட்டதில் அவருக்கு இன்னும் வருத்தம்தான்.

அவர் மனைவி போசோங்கிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அதனால் ஊருக்கு அவள் போசோங்கம்மா, அவருக்கு மகள் பெயரால் சோரா அம்மா. சொந்தப் பெயர் ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும் இருக்கிறது. பெருக்கின கேடயத்தையும் குறைத்த கேடயத்தையும் அவள் ஒரே துணியால்தான் துடைப்பாள்.

இப்போது மறுபடியும் குறைக்கிற காலம். கறி விலை படுத்துவிட்டது, தீவனம் விலை எழுந்து நின்றுகொண்டது, வெளிநாட்டுக் கறி வரி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று கடைக்கு வந்து குவிகிறது. ஆகவே ஒரு திட்டம் வந்தது. கன்று போடாத கிடாரிகளைப் பதிந்துகொள்வார்கள். பதிந்த கிடாரிக்குக் காதில் சிவப்பு வில்லை. சிவப்பு வில்லைக்காரிக்குச் சினை ஊசி போடக் கூடாது. கொழுக்க வைத்துக் கறிக்கு அனுப்பிவிட வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று ஊக்கத் தொகை உண்டு.

ஊரில் யாரும் முதலில் கை தூக்கவில்லை. கை தூக்கியவர் தலைவர். மறுநாளே ஊர்த் தலையாரி பியோ இன்தே, கால்வாய்ப் பாலத்துக்குக் குறுக்கே ஒரு நீளத் துணி கட்டிவிட்டார்: 'மாட்டைக் குறைப்போம், நாட்டை நிமிர்த்துவோம். முன்மாதிரிப் பண்ணையாளர் வீ சாங்னாம் அவர்களுக்கு வாழ்த்துகள்.' பியோவும் சாங்னாமும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பியோவுக்குச் சங்கத் தலைவர் நாற்காலி மேல் ஒரு கண் உண்டு. ஆனால் துணி கட்டுவதில் அவர் குறை வைக்க மாட்டார். ஊரில் எவனுக்காவது மகன் பரீட்சை பாஸ் செய்தால்கூட அன்று சாயங்காலமே பாலத்தில் துணி ஆடும்.

"என்னவே, எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கே?" என்றார் சாங்னாம், பாலத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து.

"உம்ம பேரு சின்னப் பேரு. நான் என்ன செய்ய?"

"எழுத்தச் சொன்னேன்வே."

"சின்னதா எழுதினா நாடு நிமிராதா?" என்று கேட்டுவிட்டுப் பியோ ஏணியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

விளக்கக் கூட்டம் நடக்க வேண்டிய நாள். சாங்னாம் வெளிச்சம் வருமுன் எழுந்து கொட்டிலுக்குப் போனார். நெல் அறுத்து முடித்த சமயம். வெள்ளைத் தாள் சுற்றின வைக்கோல் உருளைகள் வயல் முழுக்கக் கிடந்தன. பனி இறங்கிக் கொட்டில் தகரம் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒரு கையில் வைக்கோல் கவையும் இன்னொரு கையில் பேச்சுத் தாளுமாக, மாடுகளுக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார். மாடுகள் நல்ல சபை. இருமுவதில்லை, எழுந்து போவதில்லை.

"நண்பர்களே, நாம் நம் கைகளைக் கட்டிப்போட வேண்டிய காலம் இது" என்று ஆரம்பித்தார். தொட்டிக்குள் தலை விட்டிருந்த மாடுகள் மென்றுகொண்டே அவரைப் பார்த்தன.

கோடிக் கட்டுத்தறியில் நின்ற கிடாரி மட்டும் தின்னவில்லை. அடிவயிற்றிலிருந்து நீளமாகக் கத்தியது. பக்கத்துக் கிடாரி அதன் மேல் தாவ, அது விலகாமல் நின்றுகொடுத்தது. திரும்பவும் கத்தியது. பின்பக்கம் கண்ணாடி போல வழும்பு தொங்கிற்று. சாங்னாம் தாளைச் சட்டைப் பைக்குள் வைத்தார். போனை எடுத்தார். நாற்பது வருஷமாக அவர் வாழ்க்கையில் கத்தலுக்கும் போனுக்கும் நடுவில் யோசனை என்று ஒன்று வந்ததே கிடையாது. மாடு சினைக்குக் கத்தினால், ஊசிக்காரரைக் கூப்பிடக் கை போனுக்குப் போகும்.

மத்தியானம் சினை ஊசிக்காரர் தக் வந்தார். விந்துக் குச்சிகள் வைக்கிற, புகை விடும் குடுவையைச் சிற்றுந்திலிருந்து இறக்கிக்கொண்டே கிடாரியின் காதைப் பார்த்தார். சிவப்பு வில்லை ஆடிக்கொண்டிருந்தது.

"தலைவரே, இதுக்கா?"

"கத்துது, ஒனக்குக் கேக்கலையா?"

"கேக்குது. இல்ல, காதுல..."

"தக்கு, எனக்குக் கூட்டத்துக்கு நேரமாச்சு. நீ வேலையப் பாரு. அந்தக் குச்சியப் போடு."

"எந்தக் குச்சி?"

"குலுக்கல்ல விழுந்தது."

தக் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் காளையின் விந்துக் குச்சி கடையில் விலை கொடுத்தால் கிடைக்காது. மாகாணம் முழுக்க ஆட்கள் பெயர் கொடுத்துக் காத்திருப்பார்கள், குலுக்கிப் போடுவார்கள். சாங்னாமுக்கு வருஷா வருஷம் பெயர் கொடுத்து ஒரே ஒரு தடவை விழுந்தது. பியோவுக்கு இதுவரை விழவே இல்லை. அந்த ஒரு குச்சி தக்கின் குடுவையில் ஒன்றரை வருஷமாக உறைந்து கிடந்தது. நல்ல கிடாரி, நல்ல கத்தல், நல்ல நாள் மூன்றும் சேர்ந்து வரட்டும் என்று சாங்னாம் சொல்லி வைத்திருந்தார். இன்று மூன்றும் சேர்ந்துவிட்டன. காதில் இருந்தது மட்டும்தான் சேரவில்லை. தக் தலைவருடன் வாதம் செய்கிற ஆள் இல்லை. கைக்கு நீள உறை மாட்டினார்.

கூட்டத்தில் இலாகா அதிகாரி யோம் முதலில் படம் போட்டுப் பேசினார். இளைஞர், கண்ணாடி போட்டவர். அவர் படத்தில் மாடுகள் எல்லாம் அம்புக்குறிகளாக இருந்தன. அம்பு கீழே போனால் நல்லது என்று விளங்கிற்று. பிறகு சாங்னாம், சட்டையில் குத்தின துணிப்பூவோடு மேடை ஏறினார்.

"நண்பர்களே, நாம் நம் கைகளைக் கட்டிப்போட வேண்டிய காலம் இது. சிவப்பு வில்லை போட்ட ஒரு கிடாரிக்கும் நான் இனி..."

அங்கே நின்றுவிட்டார். காலையில் போனை எடுத்த கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

மாட்டின் மேல் உள்ள பாசத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று சபை நினைத்தது. முன்வரிசையில் ஒரு அம்மாள் மூக்கைத் துடைத்தாள். யோம் எழுந்து கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். அவர் அன்று அதற்கு மேல் பேசவில்லை. அவருடைய பேச்சுகளிலேயே அதுதான் சிறந்தது என்று பிறகு ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஒட்டாமலும் போகலாம் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. முதல் ஊசியிலேயே பிடிக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? அவர் வாழ்க்கையில் முதல்முறையாக, ஊசி போட்ட மாடு திரும்பக் கத்த வேண்டும் என்று காத்திருந்தார். கிடாரி கத்தவில்லை. நன்றாகத் தின்றது, மினுமினுத்தது, தொட்டியில் முகம் வைத்தபடி சிவப்பு வில்லையை ஆட்டிக்கொண்டு நின்றது.

சில வாரம் கழித்துத் தக் திரும்ப வந்து கையை விட்டுப் பார்த்துவிட்டு, உறையைக் கழற்றினார்.

"பிடிச்சிருக்கு தலைவரே. கெட்டியா பிடிச்சிருக்கு."

"கெட்டியா பிடிச்சிருக்குன்னு சந்தோஷமா வேற சொல்லுற."

"தொழில் சுத்தமா செஞ்சா சந்தோஷம் வராதா?" என்றார் தக். பிறகு குரலைத் தாழ்த்தினார். "டிசம்பர்ல சினை இருக்கான்னு பரிசோதனைக்கு வர்றாங்களாம். பத்திரிகைக்காரன், மாட்டு டாக்டரம்மா எல்லாம். மொத பண்ணை உங்களோடதுதான். இப்ப ஒரு ஊசி இருக்கு. போட்டா ரெண்டு மூணு நாள்ல சினை கழண்டுரும். யாருக்கும் தெரியாது. எனக்கே மறந்துரும்."

சின்னப் புட்டி ஒன்றைக் கையில் வைத்துவிட்டுப் போனார். சாங்னாம் அதைக் கிம்ச்சி ஊறுகாய் வைக்கிற குளிர்பெட்டிக்குள், முள்ளங்கிக் கிம்ச்சிக்குப் பின்னால் தள்ளி வைத்தார். அந்த வீட்டில் பத்திரமான இடம் அது என்று நினைத்தார். அந்தப் பெட்டியைத் தினமும் மூன்று வேளை திறக்கிறவள் யார் என்பது அவர் மண்டையில் ஏறவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். சோறு, கடற்பாசிச் சாறு, முட்டைக்கோசுக் கிம்ச்சி, வறுத்த நெத்திலி, அவித்த கீரை. நெத்திலிக்கும் கீரைக்கும் நடுவில் ஒரு சின்னத் தட்டில் அந்தப் புட்டி இருந்தது.

அவர் பார்த்தார். போசோங்கம்மா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"சோரா அம்மா, இது என்ன?"

"நீங்கதான சொல்லணும். கிம்ச்சிப் பெட்டியில இருந்துச்சு. திங்கறதுதானேன்னு வெச்சேன்."

சொல்ல வேண்டியதாயிற்று. அவள் முழுக்கக் கேட்டாள். நெத்திலித் தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"குலுக்கல் குச்சியா?"

"ம்."

"ஒன்றரை வருஷமா எந்த மாட்டுக்கும் போட மனசில்லாம வெச்சிருந்தது."

"ம்."

"அதப் போட்டது நீங்க. எடுக்கப் போறதும் நீங்க. என்னைக் கேக்காதீங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

ஆனால் புட்டி மறுநாள் காலையிலும் தட்டில் வந்தது. மத்தியானமும் வந்தது. அவர் அதைத் திருப்பிப் பெட்டியில் வைத்தால் அடுத்த வேளை கடுகுக் கீரைக்கும் பூண்டு ஊறுகாய்க்கும் நடுவில் வந்து நின்றது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மட்டும் வராது. அதனால் சாங்னாம் அந்த நாட்களில் கண்ணில் பட்டவரையெல்லாம் சாப்பிடக் கூப்பிட்டார். தலைவர் குணம் மாறிவிட்டது, கை தாராளமாகிவிட்டது என்று ஊர் வியந்தது.

மகள் சோரா குவாங்ஜுவிலிருந்து போன் செய்தாள்.

"அப்பா, மாட்டையெல்லாம் வித்துட்டு இங்க வந்துருங்களேன். இன்னும் பத்து வருஷத்துல கம்பெனிக்காரன்தான் மாடு வளர்ப்பான்."

"கம்பெனிக்காரன் காலையில எந்திரிச்சுக் கொட்டிலுக்குப் போவானா?"

"கேமரா வெச்சுப் பாப்பாங்க."

"பாத்துட்டு?"

"கத்தினா தெரிஞ்சுக்கும் அந்த மிஷினு. தானா செய்தி அனுப்பிரும்."

"தானா அனுப்பிருமா?" என்றார் சாங்னாம். தன்னைவிட மோசமான மிஷின் இருக்கிறது என்று கேட்டதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல். "யாருக்கு அனுப்பணும் யாருக்கு அனுப்பக் கூடாதுன்னு அதுக்குத் தெரியுமா?"

மகளுக்கு விளங்கவில்லை. அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

குளிர் இறங்கிற்று. வயலில் புல் விதைத்து முடித்தார்கள். ஊர்ப் பெண்கள் கூடி முட்டைக்கோசுக்கு உப்புப் போட்டு மசாலா பூசி வருஷக் கிம்ச்சி வைத்தார்கள். ஊர்ச் சாவடியில் சூடான தரையில் உட்கார்ந்து ஆண்கள் மாட்டு விலை பேசினார்கள். பேசப் பேச விலை இறங்கியது.

"மாடு வளக்கிற வீட்டுல நம்ம ஊர்ல சின்னப் பையன் யாரு?" என்றார் ஒருவர்.

"நான்தான்" என்றார் பியோ. "அறுபத்து மூணு. தலைவர விட நாலு மாசம் இளையவன்."

"அப்ப எதிர்காலம் ஒம் கையிலதான் இருக்கு."

"எங் கையில முட்டி வலிதான் இருக்கு" என்றார் பியோ. "கையில எப்படி முட்டி வலி வரும்னு கேக்காதீங்க, எந்திரிக்கறப்ப கைய ஊனித்தான எந்திரிக்கிறேன். தலைவரே, நாளைக்குப் பரிசோதனை. பேச்சு தயாரா? போன தடவ மாதிரி அழுவீரா?"

"அழலவே நான்."

"நாங்க எல்லாம் பாத்தோமே."

மறுநாள் சாங்னாம் வழக்கத்துக்கும் முன்னால் எழுந்தார். மனைவி அடுப்படியில் காளான் நறுக்கிக்கொண்டிருந்தாள். அதிகாரிகளுக்கு மத்தியான விருந்து. கல்லில் சுடுவதற்கு நல்ல மாட்டுக்கறி, கடலோரத்திலிருந்து வாங்கி வந்த பெரிய சிப்பியின் வெள்ளைச் சதை, காளான். மூன்றையும் சேர்த்துச் சுட்டுத் தின்பது அந்தப் பக்கத்து வழக்கம். சாங்னாம் கிம்ச்சிப் பெட்டியைத் திறந்தார். புட்டியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை.

இப்போது ஊசி போட்டால் இன்றைக்குள் எதுவும் கழன்றுவிடாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு வழி இருந்தது. கிடாரிக்கு உடம்பு சரியில்லை, நாலு நாள் கழித்துப் பாருங்கள் என்று சொல்லிவிடலாம். தலைவர் சொன்னால் யோம் தட்ட மாட்டார். நாலு நாளில் எல்லாம் சுத்தமாகியிருக்கும். பூ சட்டையில் இருக்கும், துணி பாலத்தில் இருக்கும், மூன்றாவது கேடயம் டிவிக்கு மேலே வரும்.

கொட்டிலில் மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. மூச்சு வெள்ளையாகப் போயிற்று. அவர் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு கிடாரியின் பக்கவாட்டில் நின்றார். அது எழுந்து, பின்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்து, அவரைக் கவனிக்காமல் வைக்கோலை இழுத்தது.

இரக்கம் வந்தது என்று யாராவது சொன்னால் சாங்னாமே ஒப்புக்கொள்ள மாட்டார். வாழ்நாள் முழுக்க மாட்டைக் கறிக்கு அனுப்பிய மனிதர். அவர் நினைத்தது அந்தக் காளையைத்தான். படத்தில் பார்த்திருக்கிறார். முதுகு மேஜை போல இருக்கும். அந்த முதுகு, இந்தக் கிடாரியின் அகன்ற இடுப்பு, இரண்டும் சேர்ந்தால் என்ன வரும்? நாலு கால் வரும், வால் வரும், அதற்கு நடுவில் என்ன வரும் என்பதுதான் கேள்வி. இந்த மாகாணத்தில் இப்படி ஒரு சேர்க்கையை யாரும் பார்த்ததில்லை. அவரும் பார்க்காமலே சாகலாம், கேடயத்தோடு. கேடயத்தில் தன் பெயர் இருக்கும். கன்றில் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அவருக்கு இரண்டு பெருமையும் வேண்டும் போலிருந்தது. இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது என்பதுதான் எரிச்சல். கொஞ்ச நேரம் அரசாங்கத்தைத் திட்டினார், தக்கைத் திட்டினார், வலது கையைத் திட்டினார். பிறகு ஊசியிலிருந்த மருந்தைச் சாணிக் குழிக்குள் பீச்சினார். கவையை எடுத்து வைக்கோல் தள்ள ஆரம்பித்தார்.

பத்து மணிக்கு எல்லோரும் வந்தார்கள். யோம் புது ரப்பர்க் காலணி போட்டு வந்திருந்தார். பத்திரிகைப் படக்காரர் ஒருவர், பெட்டியில் சின்னத் திரை வைத்த கருவியோடு டாக்டரம்மா, பின்னால் பியோவும் ஊரும். டாக்டரம்மா நீள உறையைத் தோள்வரை இழுத்துவிட்டுக் கோடிக் கிடாரியின் வாலை விலக்கினாள்.

"அது சினை" என்றார் சாங்னாம்.

டாக்டரம்மா வாலைப் பிடித்தபடி திரும்பினாள்.

"தலைவரே, தமாஷ் பண்ணாதீங்க" என்றார் யோம்.

"தமாஷ் இல்லைங்க. ரெண்டரை மாசம். நான்தான் போன் பண்ணினேன், நான்தான் போடச் சொன்னேன்."

"ஏன்?"

சாங்னாம் யோசித்தார்.

"கத்துச்சுங்க" என்றார்.

ஊரில் யாரோ 'ஆமா' என்றார்கள். வேறு இரண்டு பேர் தலையாட்டினார்கள். யோம் திரும்பிப் பார்த்தார். மாடு கத்தினால் என்ன செய்வது என்பதில் அங்கே யாருக்கும் அபிப்பிராய பேதம் இருந்ததாகத் தெரியவில்லை.

டாக்டரம்மா அதற்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதோ" என்றாள். எல்லோரும் திரையை எட்டிப் பார்த்தார்கள். சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒரு தலை, பக்கத்தில் துடிக்கிற ஒரு புள்ளி. "நல்லா இருக்கு. நெஞ்சு அடிக்குது பாருங்க." படக்காரர் தன்னை மறந்து அதைப் படம் எடுத்தார். யோமும் குனிந்து பார்த்துவிட்டு, 'ஓ' என்றார். அப்புறம்தான் தன் பதவி ஞாபகம் வந்து நிமிர்ந்தார்.

"இந்தக் கிடாரியைத் திட்டத்துல இருந்து நீக்கணும். வாங்கினதைத் திருப்பிக் கட்டணும். முன்மாதிரிப் பண்ணைங்கற பேரும்..."

"நீக்கிருங்க."

"சங்கத் தலைவரா இருந்துக்கிட்டு..."

"அதையும் நீக்கிருங்க. அந்தப் பேச்சு என்னால முடியாது. ரெண்டு தடவ முயற்சி பண்ணிட்டேன்."

யோம் சுற்றிப் பார்த்தார். ஒரு பேச்சும், ஒரு படமும் இல்லாமல் ஆபீசுக்குத் திரும்ப முடியாது. பியோ ஓரடி முன்னால் வந்து சட்டையை இழுத்துவிட்டார். "தற்காலிகமா நான் பேசலாம்" என்றார் அடக்கத்தோடு. "ஊருக்காக." துணிப்பூ கை மாறியது, கூடவே தலைவர் நாற்காலியும். எல்லோரும் பியோவின் கொட்டிலுக்குப் போனார்கள். விருந்துக்கு நேரமில்லை என்று யோம் சொல்லிவிட்டார். பேச்சு மத்தியானம் தாண்டியும் போய்க்கொண்டிருப்பதாக வழியில் போனவர்கள் சொன்னார்கள்.

சாயங்காலம் போசோங்கம்மா முற்றத்தில் கல்லைச் சூடு பண்ணினாள். அத்தனை கறியையும் என்ன செய்வது? சாங்னாம் அரிசிக் கள் கலயத்தைக் கொண்டுவந்து உட்கார்ந்தார். கறி சுருண்டு கொழுப்பு உருகிக் காளானுக்குள் இறங்கிற்று. மூன்றையும் எள்ளிலையில் மடித்து அவர் வாயில் போட்டபோது அவளும் ஒன்றை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல கறி" என்றார்.

"அதிகாரிங்களுக்குன்னு வாங்கினது. நமக்குன்னா இவ்வளவு நல்லதா வாங்குவேனா?"

"தலைவர் இல்லாத வீட்டுல இனி இதெல்லாம் கெடைக்காது."

"தலைவரா இருந்தப்ப நீங்க இங்க ஒக்காந்து தின்னதே இல்ல. கூட்டத்துல குடுக்கற பொட்டல ரொட்டியத் தின்னுட்டு வருவீங்க."

வாசலில் செருமல் கேட்டது. பியோ. பூ இன்னும் சட்டையில் இருந்தது. கழற்ற மறந்துவிட்டாரா, மனசில்லையா என்று தெரியவில்லை. வா என்று சொல்லாமலே வந்து உட்கார்ந்தார். போசோங்கம்மா கிண்ணம் வைத்தாள்.

"பேச்சு எப்படி?" என்றார் சாங்னாம்.

"நல்லா போச்சு. யாரும் அழல." பியோ குடித்தார். ஒரு துண்டு கறியைத் திருப்பிப் போட்டார். திரும்பவும் குடித்தார். கொட்டில் பக்கம் பார்த்தார்.

"ஏன்வே. அதுக்கு எந்தக் குச்சி போட்டீர்?"

சாங்னாம் சொன்னார். காளையின் பதிவு எண்ணை மட்டும்.

பியோ கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து, இருட்டுகிற கொட்டிலுக்குப் போய்க் கம்பியில் கை வைத்துக் கிடாரியைப் பின்பக்கம் ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை, திரும்பவும் பின்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார்.

"இடுப்பு அகலம்" என்றார்.

"ஆமா."

"கோடையில ஈனும்."

"ஆமா."

"பெண் கன்னா இருந்தா..."

"மாட்டேன்."

"நான் இன்னும் கேக்கவே இல்ல."

"கேட்டாலும் மாட்டேன்."

பியோ யோசித்தார். அவர் கை சட்டைக்குப் போய் அந்தப் பூவைத் தடவியது. அறுபத்து மூன்று வயதில் ஒரே ஒரு நாள் குத்தின பூ.

"தலைவர் நாற்காலியத் திருப்பித் தர்றேன்" என்றார். "நாளைக்கே ஒலிபெருக்கியில சொல்லிர்றேன். ஏகமனதா."

சாங்னாம் கிண்ணத்தைக் கையில் வைத்தபடி நாற்காலியை நினைத்துப் பார்த்தார். நல்ல நாற்காலிதான். முன்வரிசை, குஷன் வைத்தது. அதை ஒருத்தன் இன்னும் பிறக்காத ஒரு கன்றுக்கு ஈடாக நீட்டுகிறான். அதுவும் பெண்ணா ஆணா என்றே தெரியாத ஒன்றுக்கு.

"இருக்கட்டும்வே, நீயே வெச்சுக்க" என்றார். "ஒம் பக்கத்துக் கறி கருகுது. திருப்பு."